சூளூர்பேட்டை வாசகர்

என் தம்பி அனில் எழுதிய முப்பத்திரண்டு கட்டுரைகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த ஒரே ஆள் நான்தான். அவற்றில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. புரியாததைப் படித்தது தப்பில்லை. படித்தது நான்தான் என்று வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தேனே, அதுதான் தப்பு.

என் பெயர் ஜெயசீலி. ஆந்திராவில் சூளூர்பேட்டையில் ஒரு பள்ளிப் பெண்கள் விடுதிக்கு வார்டனாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழும். கல்யாணம் செய்துகொண்டிருந்தால் இன்னும் அதிகமாக வந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அனில் எனக்கு ஒன்பது வயது இளையவன். நாங்கள் பிறந்து வளர்ந்தது சித்தூரில்.

எங்கள் அப்பா இயேசுதாசனை நைனா என்றுதான் கூப்பிடுவோம், மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அதில் அவருக்கு இரண்டு சட்டங்கள். வேதத்தில் ஓர் அதிகாரத்தைத் தொடங்கினால் முடிக்காமல் மூடக்கூடாது. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்களே வரும் இடங்கள் உண்டு. மற்ற வீடுகளில் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெயரைக்கூடத் தாண்டக்கூடாது. "புரிஞ்சாதான் படிப்பேன்னு சொல்ல நீ யாரு? படிக்கிறது உன் வேலை" என்பார். இரண்டாவது சட்டம் இன்னும் மோசம். அவர் படித்துக்கொண்டே வந்து பாதி வரியில் நிறுத்துவார். மீதியைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார், அடுத்த வார்த்தை வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்கு அடியே மேல். அனில் சின்னவன் என்பதால் அவன் பங்கையும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன். நைனா நிறுத்தினார் என்றால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அனில் கம்ப்யூட்டர் படித்தான். அவனுக்கு இருபது வயது இருக்கும்போது எங்கள் சபைக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தானமாகக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வந்த ஞானஸ்நானப் பதிவேட்டை அதில் ஏற்றித் தரும்படி ஐயர், எங்கள் சபைப் போதகர், அனிலிடம் கேட்டார். இரண்டு மாதம் உட்கார்ந்து, செத்துப்போனவர்கள் பெயரையெல்லாம் தட்டினான். கடைசி நாள் சேமித்தாகிவிட்டது என்று திரையில் வந்தது. அவன் எழுந்து நிற்பதற்குள் கரண்ட் போயிற்று. திரும்பக் கரண்ட் வந்தபோது கோப்பு இருந்தது, உள்ளே ஒரு பெயரும் இல்லை.

பதிவேடு பத்திரமாக இருந்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை. நைனா திரும்பத் தட்டச் சொன்னார், தட்டினான். ஆனால் அந்த ஒரு கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. "ஆச்சுன்னு சொல்லுச்சேக்கா. நான் கண்ணால பார்த்தேன். ஆவாமலே ஏன் ஆச்சுன்னு சொல்லுச்சு?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கென்ன தெரியும். கரண்ட்காரனைப் போய்க் கேள் என்றேன்.

அந்தக் கேள்வியை அவன் விடவில்லை. படித்து முடித்துத் திருப்பதியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். லீனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். நந்திதா பிறந்தாள். பகலெல்லாம் அடுத்தவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து தனக்காக எழுத ஆரம்பித்தான். எல்லாம் ஆங்கிலத்தில். சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்திருந்தான். ஒவ்வொரு கட்டுரையும் தெரு நீளத்துக்கு இருக்கும், நடுநடுவே அவனே வரைந்த கட்டங்களும் அம்புக்குறிகளும் வரும். அத்தனையும் அந்த ஒரே கேள்வியைப் பற்றியவை. எழுது என்று சொன்னால் டிஸ்க் உடனே எழுதுவதில்லையாம். கைக்கு எட்டிய இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாச்சு என்று பதில் சொல்லிவிடுமாம். சாவகாசமாகப் பிறகு எழுதுமாம். நடுவில் கரண்ட் போனால் போனதுதான். அப்படிப் போகாமல் இருக்க என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதை அவன் வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்தான். ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதன் ஒயரை ஆயிரம் தடவை பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தான் என்று லீனா சொல்லியிருக்கிறாள்.

எழுதினான், சரி. படிக்க ஆள்? அதற்கு அவன் ஏறாத படியில்லை. இந்த மாதிரி விஷயம் பேசுகிற இணையக் குழுக்களில் போய்க் கட்டுரையின் முகவரியைப் போட்டான். ஒரு குழுவில் சுயவிளம்பரம் என்று எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில், ரொம்ப நீளம், சுருக்கிச் சொல் என்று ஒருவன் எழுதினான். அந்த ஒருவனுக்கு அனில் அரைமணி நேரம் யோசித்துப் பதில் போட்டான், அவன் திரும்பி வரவேயில்லை. திருப்பதியில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் பேசக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் பேசியபிறகு ஒரு பையன் எழுந்து, இதெல்லாம் இன்டர்வியூவில் கேட்பார்களா சார் என்று கேட்டான். கேட்கமாட்டார்கள் என்று இவனும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தான். பிழைக்கத் தெரியாதவன்.

அவன் அலுவலகத்தில் ஹேமநாத் என்று ஒருவர். கெட்டவர் இல்லை. "நீ எழுதறது நல்லாதான் கீது. ஆனா யாருக்கு எழுதற? இன்டர்வியூல கேக்குற பத்துக் கேள்வின்னு ஒண்ணு போடு, அப்புறம் பாரு" என்றார். அனில் ஒரு மத்தியானத்தில் அதை எழுதிப் போட்டான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மறுநாள் அதை எடுத்துவிட்டான். ஏன்டா என்று கேட்டேன். "அத்தினி பேர் வந்தாங்க, பக்கத்துலயே மத்த கட்டுரையெல்லாம் கீது, ஒருத்தர்கூட அதைத் தொடலக்கா. வெறுப்பா கீது" என்றான்.

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சித்தூர் வீட்டில் கூடியிருந்தோம். நைனாவும் அம்மாவும் அதற்குமுன்பே போய்விட்டார்கள், வீடு மட்டும் இருக்கிறது. அனில் லேப்டாப்பைத் திறந்து எனக்குக் காட்டினான். நாலு மாதம் உழைத்து எழுதிய கட்டுரை அது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம் இருந்தார்கள், எதுவரை படித்தார்கள் என்றெல்லாம் அந்தத் தளம் கணக்குக் காட்டுமாம். மூன்று வாரத்தில் வந்தது பதினோரு பேர். அதில் எட்டு, மனுஷரே இல்லை, தேடுகிற இயந்திரங்கள் என்றான். மீதி மூன்று பேரும் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அதைச் சொல்லும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கட்டுரையின் முகவரியை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எதுக்குக்கா என்றான். விடுதிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்றேன்.

விடுதி ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை எனக்கு வேலை கிடையாது. தாளைப் பார்த்து முகவரியைத் தட்டினேன். நான் படித்தது தெலுங்கு மீடியம், பன்னிரண்டாவதான இன்டரோடு சரி. ஆனால் எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிப்பேன். தொடங்கினால் முடிக்க வேண்டும், ஒரு வார்த்தையையும் தாண்டக்கூடாது. நைனாவின் சட்டம். உதட்டை அசைத்துக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுக்கொண்டு, வம்ச அட்டவணையைப் படிப்பதுபோலக் கடைசிவரை படித்தேன். மறுநாள் இன்னொன்று. எல்லாம் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. யாரோ வந்து படித்ததாக அவன் கணக்கில் ஒன்று ஏறட்டும், பிள்ளை கொஞ்சம் சந்தோஷப்படட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்த தடவை பேசும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்றும் இருந்தேன்.

சொல்வதற்குமுன் அவன் போன் செய்துவிட்டான்.

"அக்கா, உங்க ஊர்ல ஒருத்தர் என்னுது படிக்கிறாரு" என்றான். பத்தாவது பாஸான அன்றுதான் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். "சூளூர்பேட்டைன்னு வருது. தினம் ரெண்டு மணிக்கு வர்றாரு. நாப்பத்தேழு நிமிஷம் படிக்கிறாரு, கடைசி வரி வரைக்கும். இன்னிக்கி ரெண்டாவது தடவையா ஒண்ணாவது கட்டுரைக்கு வந்துகினு கீறாரு. இப்டிப் படிக்கிற மனுசன நான் பார்த்ததேயில்ல."

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஸ்ரீஹரிகோட்டாகாரர்தான் அக்கா, சந்தேகமே இல்ல. அவங்க எல்லாம் சூளூர்பேட்டைலதானே குடியிருப்பாங்க? ராக்கெட்டுல இதுதானே முக்கியம். நடுவுல கரண்ட் போனா எழுதினது நிக்கணும். அவருக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? நீ கடைத்தெருவுல அவரைப் பார்த்துகூட இருப்பே" என்று மூச்சுவிடாமல் பேசினான்.

"இருக்கும்டா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. அப்போதே, "அது நான்தான்டா, மண்டு" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்த செவிடு நான். சங்கு ஊதுகிறவன் எப்படி நிறுத்துவான்?

அதன்பிறகு அவன் எழுத்தே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் எளிதாக விளக்குவானாம். அதை எடுத்துவிட்டான். "அவருக்கு இதெல்லாம் தெரியும், எதுக்கு அவர் நேரத்தை வீணாக்கணும்" என்றான். கட்டுரைகள் இன்னும் நீண்டன, இன்னும் கடினமாயின. எப்போதாவது வந்துபோன ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள். சூளூர்பேட்டை மட்டும் தவறாமல் இரண்டு மணிக்கு ஆஜர். நடுவில் எனக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போனில் அவன், "அவரு ஊருக்குப் போய்ட்டாரு போல, ஆளே காணோம்" என்று கவலைப்பட்டான். எனக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்லவே மறந்துபோனேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. படிக்கிறார், சரி, ஒரு வார்த்தை எழுதமாட்டேன் என்கிறாரே. "இந்தத் தடவை வேணும்னே ஒரு தப்பு உட்டிருக்கேன்" என்று முப்பத்தோராவது கட்டுரை வந்த அன்று சொன்னான். "தெரிஞ்சவன் கண்ணுல பட்டா அவனால சும்மா இருக்கவே முடியாது. பாரு, எழுதுவாரு."

அந்தக் கட்டுரையை நான் ஏழு தடவை படித்தேன். எங்கே தப்பு? பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கும் ஸ்ரீஹரி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு பத்தி படித்துவிட்டு, "இதி சாலா கஷ்டம் மேடம், நாக்கு அர்த்தம் காலேது" என்று தெலுங்கில் சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டார். படித்த அவருக்கே புரியாதபோது நான் எந்த மூலை.

எட்டாவது தடவை படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் நாக்கு இடறியது. ஆறு படிகளை வரிசையாக எழுதியிருந்தான். முதலில், செய்யப்போகும் மாற்றத்தைத் தனியாக ஒரு குறிப்பில் எழுது. இரண்டாவது, அந்தக் குறிப்பு டிஸ்கில் உண்மையிலேயே இறங்கும்வரை காத்திரு. மூன்றாவது, அதன்பிறகே ஆயிற்று என்று சொல். இப்படித்தான் ஒன்பதாவது கட்டுரையில் இருந்தது, பதினாறாவதிலும் இருந்தது. இதில் இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. ஆயிற்று என்று சொல், பிறகு காத்திரு என்று இருந்தது. அது ஏன் தப்பு என்று எனக்குத் தெரியாது. மகனுக்குப் பின்னால் அப்பன் பெயர் வந்தால் தெரியுமல்லவா, அப்படித்தான் தெரிந்தது.

ஸ்ரீஹரி சாரிடம் சொல்லி எஸ். ராவ் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் ஏற்படுத்திக்கொண்டேன். இரண்டாவது படியும் மூன்றாவது படியும் மாறியுள்ளன, தங்கள் ஒன்பதாவது கட்டுரையைப் பார்க்கவும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

அனில் போனில் அழுதான். "கண்டுபுடிச்சிட்டாருக்கா. ஒன்பதாவது நம்பர் உட்பட சொல்றாரு. அவ்ளோ ஞாபகம் வெச்சிக்கினு கீறாரு. ரெண்டே வரி. பெரிய ஆளுங்க அப்டித்தான் எழுதுவாங்க" என்றான். ராவுக்கு அவன் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினான். அதில் பதினோரு கேள்விகள் இருந்தன. நான் ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ராவ் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மாதமே லீனா எனக்குப் போன் செய்தாள். அவள் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள், சித்தூரில் பாதிப் பேர் வீட்டில் நாத்தனாரைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவது. "வதினா, பெங்களூர்ல பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுச்சு. நல்ல உத்யோகம். அங்க சேர்ந்தா வெளியில இந்த மாதிரி எழுதக்கூடாதாம், அது ஒண்ணுதான் கண்டிஷன். முன்னன்னா ஒத்துக்கினு இருப்பாரு. இப்போ வேணாம்னு சொல்ட்டாரு. எனக்கு ஒருத்தர் கீறாரு, அது போதும்னு சொல்றாரு. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று அழுதாள்.

நான் என்னத்தை எடுத்துச் சொல்வது? அவனைக் கெடுத்ததே அந்த ஒருத்தர்தான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினேன். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் நிற்கவைக்கிறவள், என் தம்பியிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தைரியமில்லாமல் இரண்டு மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டாவது கட்டுரையின் கடைசியில் அவன் தனியாக நாலு வரி எழுதியிருந்தான். சூளூர்பேட்டையில் இருக்கும் என் வாசகருக்கு, வருகிற சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை உங்கள் ஊர் ரயில் நிலையத்தில், ஒன்றாவது நடைமேடையில் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கட்டுரைகளைப் புத்தகமாக்க நினைக்கிறேன். செய்யலாமா என்று உங்களிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். இதுதான் அந்த நாலு வரி. கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒருவருக்குத்தான் அது கண்ணில் படும் என்று அவனுக்குத் தெரியும்.

எனக்கும் போனில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கட்டுரைகளையெல்லாம் அச்செடுத்து ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தான். நான் ஒரு மணிக்கு டிபன் கேரியரில் சோறும் இறால் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப்பார்த்துக்கொண்டே போனேன். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"துன்னுடா மொதல்ல" என்றேன்.

"இரு அக்கா. துன்னுக்கினு இருக்கும்போது அவர் வந்துட்டா?" என்றான். பிறகு, "ஒருவேளை டூட்டி போட்டிருப்பாங்க. சாயங்காலம் வருவாரு" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மனுஷனைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தவன் பக்கத்தில், அந்த மனுஷனே நானாக இறால் குழம்போடு உட்கார்ந்திருந்தேன்.

சொல்ல ஆரம்பித்தேன். "அனில், நான் உன்கிட்ட ஒண்ணு..." என்பதற்குள் அவன், "அவர் வந்தா மொதல்ல இன்னா பேசணும்னு சொல்லிப் பார்க்கிறேன், கேளு" என்றான். முப்பத்தோராவது கட்டுரையில் வேண்டுமென்றே விட்ட தப்பிலிருந்து தொடங்கப்போகிறானாம். அந்த ஆறு படிகளையும் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தான். முதல் படியைச் சொன்னான். இரண்டாவது படியில் பாதி வந்திருப்பான், சென்னை லோக்கல் உள்ளே வந்தது. இறங்குகிறவர்களைப் பார்ப்பதற்காக அப்படியே நிறுத்தினான்.

பாதி வரியில் நிறுத்தினான். என் வாய் திறந்துகொண்டது.

இரண்டாவது படியின் மீதியையும் மூன்றாவதையும் நாலாவதையும், அவன் எழுதியிருந்த அதே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டேன். ஐந்தாவதில்தான் எனக்கு உறைத்தது. நிறுத்திக்கொண்டேன். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான், நைனா பார்ப்பதுபோல.

"ராவ்?" என்றான்.

"நான்தான்டா."

"அந்தத் தப்பு?"

"மனப்பாடத்துல தெரிஞ்சிச்சு. ஒன்பதாவதுல வேற மாதிரி இருந்துச்சு."

"நாப்பத்தேழு நிமிஷம்?"

"நீ எழுதினது அவ்ளோ நீளம். நான் எழுத்துக் கூட்டித்தானே படிக்கணும்."

லேசாகச் சிரித்தான். அப்பாடா, இவ்வளவுதான், ஆயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கேரியரைத் திறந்து சாப்பிடவும் செய்தான். இறால் ஒன்றை என் பக்கம் தள்ளினான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் தள்ளுவான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அப்போ ஒருத்தருக்கும் புரியல" என்றான்.

"நான் படிச்சேன்லடா."

"படிச்சே. நீதான் படிச்சே." துணிப்பையை எடுத்து ஓரமாக வைத்தான். "இந்த டிஸ்க்குங்க பொய் சொல்லுதுன்னு இத்தினி வருசமா திட்டிக்கினு இருந்தேன். கெட்டது இல்லக்கா அதுங்க. கேட்டவன் காத்துகினு நிக்கக்கூடாதேன்னுதான் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிடுது. நல்ல எண்ணம்தான். கரண்ட் போற வரைக்கும் ஒண்ணுமே தெரியறதில்ல" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். திருப்பதிக்குத் திரும்ப நாயுடுபேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். மணி மூன்றுகூட ஆகவில்லை. ஐந்துவரை இருப்பதாகத்தானே எழுதினாய், ஒருவேளை வேறு யாராவது வந்தால் என்று பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். அவன் துணிப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு நடந்தான். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் படியில் ஏறியபிறகு, "நீயே வெச்சுக்கோ. படிச்சவ நீதானே" என்றான்.

பெங்களூர் வேலையில் அதற்குள் வேறொருவர் சேர்ந்துவிட்டார். லீனா தனக்காக ஒருமுறை கேட்டுப்பார்க்கச் சொன்னாள், அவனும் கேட்டான், இடம் இல்லை என்றுவிட்டார்கள். அதே திருப்பதி ஆபீசில்தான் இருக்கிறான். ஹேமநாத் இப்போது அவனுக்கு மேலதிகாரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்கிறான், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறான், நந்திதாவின் மார்க்கைச் சொல்கிறான். எங்களுக்குள் சண்டை என்று ஒருவரும் சொல்லமுடியாது. முப்பத்து மூன்றாவது கட்டுரை மட்டும் வரவில்லை. காலையில் இப்போதெல்லாம் ஏழு மணிவரை தூங்குகிறார் என்று லீனா சொன்னாள். அவளுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அதற்கப்புறமும் இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்து படித்தேன். இனி அது யார் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தே பார்க்கட்டும் என்று படித்தேன். பார்த்தானா என்று கேட்கும் தைரியம் இல்லை. மார்ச் மாதம் ஒருநாள் முகவரியைத் தட்டினேன், அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. தளத்துக்கு வருஷப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் அவன் விட்டுவிட்டான் என்று ஸ்ரீஹரி சார் சொன்னார். துணிப்பை என் பீரோவில் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்குச் சித்தூரில் கூடினோம். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நைனா போனபிறகு அனில்தான் வாசிப்பான், நைனா மாதிரியே பாதி வரியில் நிறுத்துவான், நான் முடிப்பேன், நந்திதா சிரிப்பாள். வருஷாவருஷம் அப்படித்தான். அன்றைக்கு வாசிப்பு அந்த வம்ச அட்டவணை. இன்னாருக்கு இன்னார், அவருக்கு இன்னார் என்று அவன் வாசித்துக்கொண்டே போனான். ஒவ்வொரு பெயரிலும் அடுத்த பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். நந்திதா என் முகத்தையும் அவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவன் எங்கேயும் நிறுத்தவில்லை. கடைசிப் பெயர்வரை தானே வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.